பேச்சு வேலை

வீட்டுக்குள் வாயைத் திறக்க வேண்டாம் என்று பேச்சியம்மாளிடம் அவளுடைய மாமியார் சொன்னது சண்டை போட்டு அல்ல. காப்பித் தம்ளரைக் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்காரவைத்து, முதுகைத் தடவிக்கொண்டேதான் சொன்னார்.

"தப்பா நெனச்சுக்காத கண்ணு. ஊட்டுக்குள்ள மட்டும் கொஞ்ச நாளைக்குப் பேசாம இருந்தீன்னாப் போதும். மாடிக்குப் போயி எத்தன நேரம் வேணாலும் பேசு. நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

பேச்சியம்மாள் புருஷனைப் பார்த்தாள். சிவமூர்த்தி காற்றாலை பழுது பார்க்கிறவன். முந்நூறு அடி உயரத்தில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்கிற ஆள். அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் நிற்கச் சொன்னால் மட்டும் அவனுக்குத் தலை சுற்றும். அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாமியார் ரங்கநாயகியின் பயத்துக்குக் காரணம் இருந்தது. முந்தின வாரம் அவர் வேலையிடத்து இயந்திரத்திடம் வாயால் சொல்லிச் சொல்லி ஒரு நூல் கிடங்குக்கு மென்பொருள் செய்துகொண்டிருந்தார். பழைய சரக்குக் கணக்கு ஒன்று திரும்பத் திரும்பக் குறுக்கே வந்து விழுந்தது. எரிச்சலில், "அந்தச் சவத்தத் தூக்கி ஒரு ஓரமா வையி சாமி" என்று சொல்லிவிட்டார். திருநெல்வேலிப் பக்கம் செருப்பு அறுந்தாலும் அது சவம்தான். கல்லிடைக்குறிச்சியில் பிறந்த பேச்சியம்மாளுக்கு மூடாத பேனா, கூவாத குக்கர், பெய்யாத மழை எல்லாமே சவம். காதில் விழுந்து விழுந்து மாமியார் நாக்கிலும் அது ஒட்டிக்கொண்டது. இயந்திரத்துக்கு இந்தச் செல்லமெல்லாம் தெரியாது. மறுநாள் கிடங்குக்காரர் கணினியைத் திறந்தபோது, நாற்பதாம் நம்பர் நூலுக்கும் அறுபதாம் நம்பர் நூலுக்கும் நடுவில், குளிர்சாதன வசதியோடு ஒரு பிண அறை இருந்தது. இன்றைக்கு எத்தனை உருப்படி வரும் என்று அது மரியாதையாக விசாரித்துக்கொண்டிருந்தது.

அந்த இயந்திரத்துக்கு அதைச் செய்த நிறுவனம் நீளமாக ஏதோ பெயர் வைத்திருந்தது. அவர்களுடைய கொங்கு ஊரான வெள்ளக்கோவிலில் எல்லோரும் அதைக் 'காது' என்றார்கள். அதற்கு நிரல் எழுத வேண்டியதில்லை. வேண்டியதை வாயால் சொன்னால் போதும், அதுவே எழுதிக்கொள்ளும். தமிழ் கேட்ட முதல் காது அதுதான். ஆனால் அதற்குத் தமிழ் கற்றுக்கொடுக்க நிறுவனத்துக்குச் சல்லிசாகக் கிடைத்தது, வெள்ளக்கோவில் வட்டாரத்து விவசாயிகள் ஒரு தனியார் உதவி எண்ணுக்குப் பத்து வருடமாகப் பேசிய பேச்சு மட்டும்தான். அதனால் காதுக்கு வெள்ளக்கோவில் தமிழ் தாய்ப்பால் மாதிரி. சென்னைத் தமிழ் பாதி புரிந்தது. மதுரைத் தமிழ் கால்வாசி. நெல்லைத் தமிழைக் கேட்டால், "மன்னிச்சுக்கோங்க அம்மணி, வெளங்கலீங்க" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தது.

உச்சரிப்பு மட்டுமல்ல காரணம் என்று நிறுவனத்தின் மொழி அதிகாரி விக்னராஜன் ஒருமுறை சிவமூர்த்தியிடம் விளக்கினார். மயிலாப்பூர்க்காரர், மெலிந்த மனிதர். சென்னையில் ஒருவன் தண்ணீர் கேட்டால் "தண்ணி" என்று ஒரே சொல்லில் கேட்பான். வெள்ளக்கோவிலில் கேட்டால், சில்லென்று வேண்டாம், சொம்பு வேண்டாம், தம்ளர் போதும், வாசலில் உறவினர் ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார் அவருக்கும் ஒன்று, அவர் வேண்டாம் என்பார் ஆனாலும் கொடு என்று ஒன்று விடாமல் வரும். "அதுதான் சார் நல்ல நிரல்" என்றார் விக்னராஜன், ஏக்கத்தோடு. பெரிய பல்கலைக்கழகத்துப் பட்டம் வைத்திருந்தும் காது அவரை மதிப்பதில்லை.

இப்படித்தான் சொல்வயல் என்ற அந்த நிறுவனம் மூடிக் கிடந்த நூற்பாலை ஒன்றை வாங்கி, குளிரூட்டி, உள்ளூர்க்காரர்களை வேலைக்கு எடுத்தது. படிப்பு கேட்கவில்லை. நாக்கைத்தான் கேட்டது. 'பேச்சு வேலை' என்று ஊரில் அதற்குப் பெயர். எட்டாம் வகுப்போடு நின்ற ரங்கநாயகி அதே ஆலையில் இருபது வருடத்துக்கு மேல் நின்றுகொண்டே அறுந்த நூலை முடிச்சுப் போட்டு இரண்டு முழங்காலையும் தேய்த்தவர். இப்போது அதே கூரைக்குக் கீழே சக்கர நாற்காலியில் சுழன்றார். சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி. அடையாள அட்டையைக் காய்கறிச் சந்தைக்கும் போட்டுக்கொண்டு போனார்.

ஊரும் மாறியது. வாடகை ஏறியது. கொங்குத் தமிழ் பயிற்சி நிலையங்கள் தெருவுக்குத் தெரு வந்தன. பெங்களூரிலிருந்து வந்த பொறியாளர்கள் "நாயிங்க குரைக்குதுங்க" என்று மனப்பாடம் செய்துகொண்டு நடந்தார்கள். மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் சம்பளத்துக்கு முன்னால் பையன் சென்னையில் எத்தனை வருடம் இருந்தான் என்று கேட்டார்கள். மதுரைப் பக்கம் கல்யாணத்துக்குப் போனவர்கள் திரும்பி வந்து ஒரு வாரம் யாரோடும் பேசாமல் இருந்து நாக்கைத் தெளியவைத்துக்கொண்டார்கள்.

பேச்சியம்மாளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கோபப்பட முடியாமல் போனதுதான் அவளுடைய கஷ்டம். முன்பெல்லாம் மாமியார் ராத்திரிகளில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு அழுததை அவள் பார்த்திருக்கிறாள். மருமகளைப் பேசவிடாதே, இன்னொரு பிண அறை முளைத்தால் வேலை போய்விடும் என்று நிறுவனம் எழுதியே கொடுத்திருந்தது. தவிர, நான்கு வயது மகள் மகிழினிக்கு நிறுவனத்தின் மழலைப் பள்ளியில் இலவச இடம் கிடைத்திருந்தது. அங்கே நாக்கு சுத்தமான பிள்ளைகளுக்குத்தான் இடம். மகிழினி ஒருநாள் உடைந்த பொம்மையைப் பார்த்து "போல சவமே" என்று சொன்னபோது ரங்கநாயகி கதவு ஜன்னலையெல்லாம் சாத்தினார்.

ஆகவே பேச்சியம்மாள் பேசாமல் இருந்தாள். கம்ப்யூட்டர் சயின்ஸில் கல்லூரியிலேயே முதலாவதாக வந்தவள். அவளும் ஒருமுறை பேச்சு வேலைத் தேர்வுக்குப் போயிருந்தாள். சொல்ல வேண்டியதைக் கொங்குத் தமிழில் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் போனாள். நாலாவது முறையும் காது "வெளங்கலீங்க" என்றதும், அவள் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வீட்டில் மேசை மேல் ரங்கநாயகியின் சின்னக் காது ஒன்று எந்நேரமும் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருந்தது. அதைக் கடந்து போகும்போது சிலசமயம் அவளுக்கு வாய் நிற்காது. இரண்டு வார்த்தை முணுமுணுத்துவிட்டுப் போவாள். மற்றபடி மாடிதான். அங்கே நின்று அக்காவிடம் போனில் பேசித் தீர்த்துவிட்டு, தொண்டை வறண்டு இறங்கி வருவாள்.

பொங்கலுக்கு முந்தின நாள் மத்தியானம் அது நடந்தது. முழங்கால் வீங்கி ரங்கநாயகி அன்று வீட்டில் இருந்தார். நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. ஓர் ஆம்னி பஸ் கம்பெனியின் டிக்கெட் வேலையைக் காது செய்துகொண்டிருந்தது. பேசினால் அதுவே பதில் சொல்லி இடம் போட்டுக் கொடுக்கும். இப்போது சென்னையில் ஒரே பஸ்ஸுக்கு முன்னால் முந்நூறு பேர் பெட்டி படுக்கையோடு நின்றார்கள். கோவையிலும் அப்படியே. பெங்களூரில் ஒரு கல்யாணக் கோஷ்டி மேளத்தோடு வந்திருந்தது. தொலைக்காட்சியில் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: இடம் உண்டா என்று கேட்டோம், பார்த்துக்கொள்ளலாம் என்றது, வந்துவிட்டோம்.

ரங்கநாயகி தலையில் கை வைத்தார். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. காது யாருக்கும் இடம் கொடுக்கவில்லை. எல்லோருக்கும் இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறது. வெள்ளக்கோவில் முறையில் சொல்லியிருக்கிறது. அந்த ஊரில் முகத்துக்கு நேரே இல்லை என்று யாரும் சொல்வதில்லை. "பாத்துக்கலாமுங்க" என்றால் நடக்காது. "கேட்டுச் சொல்றனுங்க" என்றால் கேட்கவே போவதில்லை. சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும், யாருக்கும் மனம் நோகாது. பத்து வருடத் தொலைபேசிப் பேச்சில் காது கற்றுக்கொண்ட மறுப்பு அவ்வளவுதான்.

நிறுவனத்தில் இருந்த அத்தனை பேரும் அதற்கு இல்லை சொல்லக் கற்றுக்கொடுக்க முயன்றார்கள். ரங்கநாயகியும் மேசைக் காதின் முன்னால் உட்கார்ந்து, எடமில்லீன்னு பட்டுனு சொல்லிப்போடு சாமி, சங்கடப்படாத என்று கெஞ்சினார். அது, "ஆகட்டுமுங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த பயணியிடம், "சித்த பொறுங்க, எப்படியும் பாத்துக்கலாமுங்க" என்றது, முன்னைவிடக் குழைவாக. தொலைக்காட்சியில் கூட்டம் இன்னும் பெருகியது. ஒரு கைக்குழந்தைக்காரி நடைபாதையில் உட்கார்ந்து அழுதாள். ரங்கநாயகியின் குரல் உடைந்தது. இது தன்னால் ஆகாது, சாயங்காலம் வேலை போய்விடும் என்று மகனிடம் சொன்னார்.

பேச்சியம்மாள் அடுக்களை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரக் கையோடு நேரே வந்து மேசைக்கு முன்னால் குனிந்தாள்.

"ஏல, எடம் இல்லன்னா இல்லனு சொல்லித் தொலையேம்ல. என்னத்துக்கு கைப்புள்ளக்காரியளயெல்லாம் நடுரோட்டுல நிப்பாட்டிக்கிட்டுக் கெடக்க?"

பச்சை விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. பிறகு மூன்று ஊர்களிலும் நின்றுகொண்டிருந்த அத்தனை பேருடைய போன்களிலும், கொங்குக் குழைவு துளிகூட இல்லாமல், ஒரே நேரத்தில் பதில் போனது.

"எடம் இல்ல. வீட்டுக்குப் போங்க."

கூட்டம் திட்டியது, ஆனால் கலைந்தது. மேளக்காரர்கள் வேறு வண்டி பார்க்கப் போனார்கள்.

அடுத்த நாளே, பொங்கல் என்றும் பாராமல், விக்னராஜன் பழக்கூடையோடு வந்தார். இத்தனை நாள் வெளங்கலை என்று சொன்ன இயந்திரம் தன் பேச்சை எப்படிக் கேட்டது என்று பேச்சியம்மாள் கேட்டாள். மாமியார் பேச வேண்டாம் என்ற நாளுக்குப் பிறகு வீட்டுக்குள் அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் கேள்வி அது. விக்னராஜன் கொஞ்சம் நெளிந்தார்.

"உங்க பேச்சு மைக்ல விழுந்தப்பல்லாம் நாங்க 'வேண்டாம், தள்ளு'ன்னு அடையாளம் போட்டு வெச்சோம் மேடம். மூணு வருஷமா. அதுக்கு உங்க வார்த்தை இன்னும் புரியாது. ஆனா உங்க குரல் கேட்டா 'வேண்டாம்'னு அர்த்தம்னு தெரியும். அது படிச்ச ஒரே 'இல்லை' நீங்கதான்."

பேச்சியம்மாளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. விக்னராஜன் வேலைக்கான உத்தரவை எடுத்து நீட்டினார். மறுப்பு அலுவலர். மாமியாரைவிட ஒரு படி மேலே. தினமும் காதுக்கு இல்லை என்று சொல்லித்தர வேண்டும், அவ்வளவுதான். பேச்சியம்மாளின் கை தானாக நீண்டது. அத்தனை வருடம் தனக்கும் ஒரு நாற்காலி வேண்டும் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் எவ்வளவு வேண்டியிருந்தது என்று அவளுக்கே தெரிந்தது.

ஒரு சின்ன நிபந்தனை இருக்கிறது என்றார் விக்னராஜன். இரண்டு பேச்சும் இனிமேல் நிறுவனத்துக்கு முக்கியம். ஒன்றில் ஒன்று கலக்கக் கூடாது. மாமியாரும் மருமகளும் ஒருவர் பேச்சு ஒருவர் காதில் விழாமல் இருக்க வேண்டும். வீட்டின் நடுவில் சத்தம் புகாத சுவர் ஒன்றை நிறுவனமே தன் செலவில் எழுப்பித்தரும். அடுக்களையும் இரண்டாக்கித் தரும். குழந்தையை எந்தப் பக்கம் வைப்பது என்று குடும்பமே முடிவு செய்துகொள்ளலாம். சிவமூர்த்தி எழுந்து ஜன்னல் பக்கம் போய்க் காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்று பார்த்தான்.

ரங்கநாயகி, மேற்பார்வையாளர் இன்னொரு ஷிப்டு நில் என்றபோதும், முழங்கால் போனபோதும், மருமகளைப் பேசவிடாதே என்று நிறுவனம் சொன்னபோதும், பாத்துக்கலாமுங்க, ஆகட்டுமுங்க என்றே வாழ்ந்தவர். இப்போது அவர் பழக்கூடையை விக்னராஜன் பக்கமாகத் தள்ளினார்.

"முடியாது" என்றார்.

ஒரு 'ங்க' கூட இல்லை. விக்னராஜன் தன்னைச் சுற்றிப் பார்த்தார், வேறு யாரோ பேசியதுபோல.

"இவளப் பேச வேண்டாமுன்னு சொன்னதே தப்பு. அது என்ற தப்பு, நான் செஞ்சது. அதுக்கு மேல ஊட்டுக்குள்ள செவுரு வெக்கறதுன்னா முடியாது. போயிட்டு வாங்க."

சுவரைப் பற்றி மேலிடத்தில் பேசிப் பார்க்கிறேன் என்று உத்தரவை மேசையில் வைத்துவிட்டு அவர் போன பிறகு மாமியாரும் மருமகளும் பொங்கல் பானைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசினார்கள். எதைப் பேசினார்கள் என்று பிறகு கேட்டால் இரண்டு பேருக்கும் சொல்லத் தெரியாது. அத்தனை நாளும் அடக்கிவைத்திருந்த பேச்சு. குக்கரைப் பற்றிக்கூட இருந்தது. மேசைக் காது விக்னராஜன் வந்ததிலிருந்தே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது.

அதுதான் வினையாகிப் போயிற்று. இரண்டு நாள் கழித்து விக்னராஜன் போன் செய்தார், குரலில் மகிழ்ச்சியோடு. ரங்கநாயகி சொன்ன அந்த ஒற்றை "முடியாது" காதில் விழுந்திருக்கிறது. வெள்ளக்கோவில் குரலில், வெள்ளக்கோவில் வாயிலிருந்து வந்த முதல் மறுப்பு. காது அதைப் பிடித்துக்கொண்டுவிட்டது. இனிமேல் நெல்லைக் குரல் தேவைப்படாது. பேச்சியம்மாளின் உத்தரவு ரத்து. சிரமத்துக்கு வருந்துகிறோம்.

ரங்கநாயகி போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். வாழ்க்கையில் ஒரே ஒருமுறை இல்லை என்று சொன்னார், அது மருமகளின் வேலையைத் தின்றுவிட்டது. அன்று அவர் சாப்பிடவில்லை. பேச்சியம்மாள் மாடிக்குப் போய் அக்காவுக்கு விஷயத்தைச் சொல்லி, சொல்லும்போதே சிரிப்பு வந்து, சிரித்துக்கொண்டே கொஞ்சம் அழுதுவிட்டுக் கீழே வந்தாள். மாமியாருக்குத் தட்டில் சோறு போட்டு முன்னால் வைத்தாள்.

"சவம் போனாப் போகுது. சாப்பிடுங்கத்த" என்றாள்.

ஆனால் ஒரு "முடியாது" போதவில்லை. கோபமாக ஒன்று, வருத்தமாக ஒன்று, குழந்தையிடம் ஒன்று, கடன்காரனிடம் ஒன்று என்று காதுக்குச் சில ஆயிரம் மறுப்புகள் வேண்டியிருந்தன. ரங்கநாயகியை ஒலிப்பதிவு அறையில் உட்காரவைத்தார்கள். அவர் மைக்கைப் பார்த்துச் சிரித்து, "முடியாதுங்க" என்றார். விக்னராஜன் எதிரில் உட்கார்ந்து அவரைச் சீண்டிப் பார்த்தார். தோட்டைக் கழற்றிக் கொடுங்கள் என்றார். பாத்துக்கலாமுங்க என்றார் ரங்கநாயகி. வீட்டை எழுதிக் கொடுங்கள் என்றார். மூர்த்தி வரட்டுமுங்க, கேட்டுச் சொல்றனுங்க என்றார். ஒரு வாரம் இப்படியே போனது. விக்னராஜனுக்குக் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது. கடைசியில் ரங்கநாயகியே வழி சொன்னார். இது வெளி ஆளிடம் வருகிற சொல் இல்லை, என் மருமகளைக் கொண்டுவந்து எதிரில் உட்காரவையுங்கள், அவளுக்கு மாதச் சம்பளத்தோடு, நாற்காலியோடு.

அப்படித்தான் பேச்சியம்மாளுக்குப் பேச்சு வேலை கிடைத்தது. கலக்கக் கூடாது என்ற நிபந்தனையை நிறுவனம் வேறு வழியில்லாமல் விட்டுவிட்டது. உத்தரவில் 'எதிர்வினைத் தூண்டல் அலுவலர்' என்று இருந்தது. ஊர் அதை 'மருமக வேலை' என்றது. தினமும் காலையில் இருவரும் ஒரே ஸ்கூட்டரில் போவார்கள். கண்ணாடி அறைக்குள் எதிரெதிரே உட்கார்ந்து, சிவப்பு விளக்கு எரிந்ததும், பேச்சியம்மாள் நடக்காததையெல்லாம் கேட்பாள். ஆட்டுக்கல்லை விற்றுவிடலாமா. மூர்த்தியைத் தனிக்குடித்தனம் கூட்டிப் போகட்டுமா. உங்கள் கழுத்து அட்டையை ஒருநாள் எனக்குக் கொடுப்பீர்களா. அட்டையைக் கேட்டபோது வந்த "முடியாது"வுக்கு அறைக்கு வெளியே இருந்தவர்கள்கூட எழுந்து நின்றார்கள். மத்தியானம் இருவரும் ஒரே டப்பாவிலிருந்து சாப்பிட்டார்கள். மற்ற வட்டாரங்களிலிருந்தும் பேச்சுக்காரர்களை எடுக்கலாமா என்று நிறுவனம் யோசிக்க ஆரம்பித்தது. அந்த யோசனைக்கு வெள்ளக்கோவில் முழுக்க, பாத்துக்கலாமுங்க என்றது.

பங்குனி கடைசியில் ஒருநாள் பேச்சியம்மாள் நிறுவனம் எழுதிக் கொடுத்திருந்த கேள்விகளைப் புரட்டிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். விளக்கு எரிந்தது. ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையசைத்தார்.

"அத்த, எங்கக்கா வீடு கட்டியிருக்கா. சித்திரையில பால்காய்ப்பு. பாப்பாவக் கூட்டிட்டுப் போயி ஒரு மாசம் அங்ஙனயே இருந்துட்டு வரணும். அவ எங்க பேச்சுப் பேசிக்கிட்டு வந்தா வரட்டும்."

ரங்கநாயகி நிமிர்ந்தார். இது எழுதிக் கொடுத்த கேள்வி இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. ஒரு மாதம் என்றால் மழலைப் பள்ளியில் அந்த இடம் இருக்காது. அதற்காக அவர் எத்தனை பேரைப் பார்த்து, எத்தனை படி ஏறி இறங்கியிருந்தார் என்பது இருவருக்கும் தெரியும். மைக்கைப் பார்த்தார். தன் முழங்காலை ஒருமுறை தடவிக்கொண்டார். பேச்சியம்மாள் கண்ணை எடுக்கவில்லை.

"பஸ்ஸா, ரயிலா?" என்று கேட்டார் ரங்கநாயகி.

பதிவாளரின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. இந்தப் பதிவு வீணாகிவிட்டது, அம்மா இங்கே முடியாது என்று சொல்ல வேண்டும், திரும்ப ஒருமுறை போகலாமா என்று கேட்டார்.

ரங்கநாயகி கண்ணாடியைப் பார்த்துத் திரும்பினார்.

"இவகிட்ட அதச் சொல்ல முடியாது" என்றார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதிவாளர் கட்டைவிரலை உயர்த்தினார். இத்தனை மாதத்தில் இவ்வளவு தெளிவாக ஒன்றுகூட வந்ததில்லை, இதையே வைத்துக்கொள்ளலாம் என்றார்.